தேய்த்த இடத்தில் எண் இருந்தது

டோங்காட்டிலிருந்து

லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ என்ற அறுபதுகளின் பிரிட்டிஷ் ஜீப் வகை வண்டியைப் பற்றி, பழைய வண்டிகளைச் சீர்செய்யும் நம்மில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்பதால், நேரே நடந்ததற்கு வருகிறேன். 1964-ஆம் ஆண்டு வண்டி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 88 அங்குலம், பெட்ரோல். வேல்ஸ் நாட்டு ஆட்டுப் பண்ணை ஒன்றின் கொட்டகையில் நின்றிருந்தது. எங்கள் அப்பா கரும்புத் தோட்டத்தில் முதலாளிக்காக ஓட்டியதும் இதே வகைதான். அந்த வண்டியில் எங்களை ஏற விட்டதில்லை. அதனால்தான் எனக்கு இந்த ஆசை. இங்கே தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவிலுள்ள பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையத்தின் இறக்குமதி அனுமதி கைக்கு வந்த பிறகே கப்பலுக்குப் பணம் கட்டினேன். டர்பன் துறைமுகத்தில் கொள்கலனைத் திறந்த நாள் வரையில் எதிலும் நான் முறை தவறவில்லை.

காவல்துறை வந்து வண்டியின் எண்களைச் சரிபார்க்க மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் என் கை சும்மா இருக்க மறுத்தது. மேலுடல் பிர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவை என்பதால் அதில் துரு ஏறவில்லை. ஆனால் வண்டியைத் தாங்கும் எஃகு அடிச்சட்டமான சேஸி, பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் தூவும் உப்பை ஆண்டுக்கணக்கில் வாங்கி, அப்பளம் போலப் பொரிந்திருந்தது. துருவை விட்டுவைத்தால் பரவும் என்ற பதற்றத்தில், முன்முனை முதல் பின்முனை வரை கிரைண்டரால் தேய்த்து, துரு தடுக்கும் ரெட் ஆக்ஸைடு இரண்டு பூச்சு அடித்தேன். நன்றாகவே செய்தேன். அதுதான் இன்றும் வலிக்கிறது.

சரிபார்க்க வந்த அதிகாரி ஐம்பதைத் தாண்டியவர். வலப்பக்க முன்சக்கரத்தின் அருகே அட்டையை விரித்து மண்டியிட்டார். பட்டை ஸ்பிரிங்கின் முன்முனையைத் தாங்கும் கொம்பில், தின்னர் நனைத்த துணியால் என் பூச்சைத் துடைத்தார். அடியில் எஃகு, புளி போட்டு விளக்கிய பாத்திரம் போலப் பளிச்சென்றிருந்தது. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “இங்கே இருந்த எண்ணை எடுத்தது யார்?” என்று கேட்டார். “நான்தான்” என்று சொன்ன என் குரல் எனக்கே கேட்கவில்லை.

உள்ளே ரிவெட் அடித்த தகட்டில் அதே எண் இருந்தது. ஆனால் தகடு கழற்றி மாட்டக்கூடியது என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்றார். அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை. பிரிட்டனின் பதிவுத்தாள், கப்பல் தாள், அனுமதித் தாள் எல்லாவற்றையும் காட்டி, வண்டி திருட்டு வண்டி அல்ல என்று நிறுவிய பின், ஏஏபிவி என்று தொடங்கும் காவல்துறை எண் ஒன்றைச் சேஸியில் பொறித்துக் கொடுத்தார்கள். வண்டி இப்போது சாலையில் ஓடுகிறது. ஆனால் பிறந்தபோது அதற்கு இட்ட எண் 241 என்று தொடங்கும். பிரிட்டனுக்குள்ளேயே விற்கச் செய்த, வலப்பக்க ஸ்டியரிங் உள்ள 88 அங்குலப் பெட்ரோல் வண்டி என்பதற்கு அந்த மூன்று இலக்கமே சாட்சி. அறுபது ஆண்டு ஆட்டுப் பண்ணையில் அழியாதிருந்ததை ஒரே பிற்பகலில் நான் அழித்தேன்.

செட்ஸ்வொர்த்திலிருந்து

என்னுடையதும் 2ஏதான், 1966. தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரம், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலைக்குப் புதிய ஆல்டர்னேட்டர் பொருத்தினேன். 1967-க்கு முந்தைய பல வண்டிகளில் பேட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும்; நமக்குப் பழக்கமானதற்கு அது நேர் எதிர். நான் அதை எங்கோ படித்திருந்தேன், ஆனால் அன்று நினைவுக்கு வரவில்லை. பேட்டரி முனையில் கவ்வியைத் தொட்டதும் ஒரு பொறி, அடுத்த நொடி ஆல்டர்னேட்டரின் துளைகள் வழியாக ஊதுபத்திப் புகை போல மெல்லிய புகை. உள்ளேயிருந்த டயோடுகள் அத்தனையும் போயின. கோயிலுக்குப் பால்குடங்களை ஏற்றிச் செல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மச்சானின் பக்கியில், அதாவது பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டியில்தான் ஏற்றினோம். அந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

டோங்காட் அண்ணாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வண்டியை வேல்ஸிலிருந்து ஏன் கொண்டுவர வேண்டும் என்பதே. போர்ட் எலிசபெத்தில் இதே லேண்ட் ரோவரைப் பல ஆண்டுகள் பாகங்களைப் பொருத்தி உருவாக்கி விற்றார்கள். நாட்டின் உட்பகுதியான காரூவின் வறண்ட பண்ணைகளில் அவை இன்றும் நிற்கின்றன. அங்கே மழையும் அரிது, சாலையில் உப்பும் இல்லை. அங்கே வாங்கியிருந்தால் தேய்ப்பதற்கு துருவே இருந்திராது, எண்ணும் தப்பியிருக்கும்.

செலவையும் எண்ணிப் பாருங்கள். வண்டியின் மதிப்பு 100,000 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால், மதிப்புக் கூட்டு வரிக்காகச் சுங்கத்துறை அதனுடன் முதலில் 10 விழுக்காட்டைச் சேர்க்கிறது. இறக்குமதித் தீர்வையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 110,000-க்கு 15 விழுக்காடு, அதாவது 16,500 ரேண்ட் கட்ட வேண்டும். கப்பல் கட்டணமும் முகவர் கூலியும் தனி. அந்தப் பணத்தில் துத்தநாக முலாம் பூசிய புதிய சேஸி வாங்குவதைப் பற்றியே யோசிக்கலாம். ஆனால் சேஸியை மாற்றினாலும் எண் பற்றிய அதே கேள்வி எழும் என்பதால், பழைய சேஸியை வெட்டி எறிவதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். மேம்படுத்துகிறவர்கள் எல்லோரும் எஞ்சினிலிருந்து தொடங்குகிறார்கள். என் கருத்தில் அது தலைகீழ்: முதலில் பிரேக், அடுத்து ஸ்டியரிங் மூட்டுகள், அதற்கடுத்து தகடுகள் குறைந்த பராபோலிக் ஸ்பிரிங், எஞ்சின் கடைசியில். 2,286 சிசி எஞ்சின் மெதுவானது, ஆனால் நம்பகமானது. அதை நிறுத்த வேண்டிய டிரம் பிரேக்கோ ஒற்றைக் குழாய்ச் சுற்றில் இயங்குவது, ஓரிடத்தில் எண்ணெய் கசிந்தால் நான்கு சக்கரமும் போயிற்று.

இதை நான் லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் மலைவழியான சானி கணவாயில் கற்றேன். லெசோத்தோ எல்லை 2,800 மீட்டருக்கும் மேலே. நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியை அந்த வழியில் விடுவதில்லை. இறங்கும்போது சிவப்புக் குமிழை இழுத்து லோ ரேஞ்ச் என்னும் குறைவேகக் கியரில் போடாமல், பிரேக்கை மிதித்தே இறங்கினேன். மூன்றாவது கொண்டையூசி வளைவில் மிதி தரை வரை போனது. பின்னால் அண்ணி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின் அச்சுக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. அன்று அதுதான் எங்களை நிறுத்தியது.

இசிபிங்கோவிலிருந்து

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர் கடலிலிருந்து தள்ளி இருந்துகொண்டு எழுதுகிறார். காரூ வண்டி ஒன்றை வாங்கி இங்கே கடற்கரையோரம் நான்கு ஆண்டு வைத்திருந்தேன். உப்புக்காற்று பட்டதும், அலுமினியமும் எஃகும் சேரும் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் வெள்ளைப் பொடி பூத்து, கதவின் அடிவிளிம்பைச் சுண்டினால் உதிர்ந்தது. எங்கே வாங்குகிறோம் என்பதைவிட எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் வண்டி அரிக்குமா என்பதை முடிவு செய்கிறது. மேலும் அந்தப் பண்ணை வண்டிக்குப் பதிவுத்தாளே கிடையாது. விற்றவரின் தகப்பனார் பெயரில் எப்போதோ இருந்ததாம். டோங்காட் அண்ணாவிடம் தாள்களாவது இருந்தன.

டோங்காட்டிலிருந்து, மீண்டும்

வேல்ஸ் வண்டி எதற்கு என்று கேட்டவருக்கு: காரூவிலும் பார்த்தேன், அப்பாவையும் அழைத்துச் சென்றேன். பார்த்தவை எல்லாம் எஞ்சின் மாற்றியவை, அல்லது பின்பக்கம் வெட்டிப் பக்கியாக்கியவை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒன்று வேண்டும் என்று நினைத்தேன்.

என் தங்கை மகன் சென்ற மாதம் ஒரு 109 அங்குல வண்டியைக் கொண்டுவந்திருக்கிறான். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன், மண்ணெண்ணெயும் பித்தளைத் தூரிகையும் மட்டும் கொண்டு அந்தக் கொம்பைத் துடைக்கச் சொன்னேன். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எண்ணைப் படியெடுத்து அனுப்பினான். ஆறாவது இலக்கம் அவனுக்கு 3 என்று தெரிகிறது, எனக்கு 8 என்று தெரிகிறது. நாளை காலை பக்கவாட்டில் விளக்கடித்துப் பார்க்க அவன் வீட்டுக்குப் போகிறேன்.