ஓவிய வகுப்பில் லியனார்டோவின் இறக்கைகள்

யாழினி: இன்று ஓவிய வகுப்பில் லியனார்டோ டாவின்சியின் பறக்கும் எந்திரங்களைப் பார்த்து வரைந்தோம். என் தாள் இதோ 👇
(படம்)

பெரியம்மா: அழகு கண்ணு! வௌவால் இறக்கை மாதிரி இருக்கிறதே?

யாழினி: வௌவாலேதான் பெரியம்மா. இறகுகளுக்கு நடுவே காற்று புகுந்துவிடும், வௌவாலின் சவ்வில் இடைவெளி கிடையாது. அதனால் வௌவாலையே மாதிரியாகக் கொள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

மாமா: சுழல் திருகு ஒன்று உண்டே, ஹெலிகாப்டருக்கு முன்னோடி என்பார்களே?

யாழினி: அதையும் வரைந்தோம் மாமா. 1480களின் கடைசியில் வரைந்தது. லினன் துணியின் நுண்துளைகளைக் கஞ்சி போட்டு அடைக்க வேண்டுமாம்.

பெரியம்மா: நாம் பருத்திச் சேலைக்குப் போடுவது போலவா! 😍

மாமா: படம் அருமை. ஆனால் அது எழும்பியிருக்காது யாழினி. அதைத் தூக்கும் அளவுக்கு மனிதத் தசைக்குப் பலம் இல்லை. 1680இல் வெளிவந்த நூலில் பொரெல்லி என்ற இத்தாலியர் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார். பெடல் மிதித்து ஒழுங்காகப் பறந்து காட்ட 1977 வரை ஆனது, அதுவும் மிக மெல்லிய விமானத்தில்.

யாழினி: சரி மாமா. ஆனால் எனக்கு எந்திரங்களைவிட அவருடைய பறவைகள்தான் பிடித்தன. 1505 வாக்கில் எழுதிய சின்ன ஏடு ஒன்று இத்தாலியில் டூரின் நகரின் அரச நூலகத்தில் இருக்கிறது. பறவை சிறகடிக்காமலே எப்படி மேலே ஏறுகிறது, காற்று அடித்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறார். வரிகளின் ஓரத்தில் குட்டிக் குட்டிப் பறவைகள். நாலைந்து கோடுதான், ஆனால் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்றுகூடத் தெரிகிறது!

மாமா: அது பெரிய விஷயம். சிறகடிப்பதை விட்டு மிதப்பதைக் கவனித்திருக்கிறார். பின்னால் கிளைடர், அதாவது எந்திரம் இல்லாமல் மிதக்கும் விமானம், செய்தவர்களும் அந்த வழியில்தான் போனார்கள்.

பெரியம்மா: உன் தாளில் இருக்கும் அவர் எழுத்து ஏன் புரியவில்லை?

யாழினி: கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், நேராகத் தெரியும். இடது கைக்காரர், வலமிருந்து இடமாக எழுதுவார். நிழல் கோடுகளும் இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும். வலது கையால் அப்படி இழுக்க மணிக்கட்டு வலித்துவிட்டது.

பெரியம்மா: அடுத்த வகுப்புக்கு என்ன?

யாழினி: பறக்கும் பருந்தை நேரில் பார்த்து வரைந்து வர வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம்தான், அழிப்பான் கூடாது.

பெரியம்மா: அப்போது ஞாயிறு காலை என்னோடு மீன் சந்தைக்கு வா. தலைக்கு மேலேயே வட்டமடிக்கும்.

மாமா: நானும் வருகிறேன். எனக்கும் ஒரு பென்சில் எடுத்து வை.