அப்பா பேர்ல நல வாரிய கார்டு இருக்கு, அம்மா பேர்ல எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

வளவனூர் பையன்:

வணக்கம். அப்பா கொத்தனார். போன மாசம் நெஞ்சுவலி வந்து வீட்டுலயே இறந்துட்டார். வயசு 54. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல ரொம்ப வருஷமா உறுப்பினர். கார்டைச் சரியா புதுப்பிச்சு வச்சிருந்தார், இன்னும் காலாவதி ஆகல. ஆனா நாமினின்னு எங்க பாட்டி பேர் இருக்கு. பாட்டியும் இப்ப இல்ல.

அம்மாவுக்கு 48. அவங்களும் அதே வேலைதான், சித்தாள். அப்பா போற சைட்டுக்கெல்லாம் கூடவே போவாங்க. கலவை போடுறது, செங்கல் சுமக்குறது, கான்கிரீட் போடுற அன்னைக்கு வரிசையில நின்னு சட்டி கைமாத்துறது எல்லாம் செய்வாங்க. அவங்க பேர்ல தனியா பதிவு எதுவும் இல்ல. அப்பா கார்டுல குடும்ப உறுப்பினர்னு பேர் இருக்கு, அவ்வளவுதான்.

தங்கச்சி அரசுப் பள்ளியில பிளஸ் டூ படிக்குது. நான் பாண்டிச்சேரியில ஒரு டூவீலர் ஷோரூம்ல வேலை பார்க்கறேன். இங்க ஒரு பிரவுசிங் சென்டர்ல அப்பா கிளைம் போட்டுத் தர 3,000 ரூபா கேக்கறாங்க. குடுக்கலாமா?

அம்மாவைப் பதிவு பண்ணலாம்னு மேஸ்திரிகிட்ட பணிச்சான்று (கட்டட வேலை பார்க்கறாங்கன்னு எழுதிக் கையெழுத்து போட்டுத் தர்றது) கேட்டேன். "நான் கையெழுத்து போட்டா நாளைக்கு என் தலையில விழும்"னு சொல்லிட்டார். சித்தப்பா வேற, "அண்ணனே போயிட்டாரு, அண்ணிக்கு இனிமே எதுக்குக் கார்டு"ங்கறார். அம்மா வேலைக்குப் போகத்தான் போறேன்னு உறுதியா இருக்காங்க. இ-ஷ்ரம் கார்டு ஏற்கெனவே எடுத்து வச்சிருக்கோம். அதுவே போதுமா?

செஞ்சி அக்கா:

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. நானும் சித்தாள் வேலை பார்த்தவதான். முழங்கால் போனதுக்கப்புறம் சங்கத்துல உட்கார்ந்து மனு எழுதிக் குடுக்கறேன். உங்க அம்மா மாதிரி எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்து அழுதிருக்காங்க. அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

3,000 ரூபா குடுக்காதீங்க. வாரியத்துல பதிவு, புதுப்பித்தல், கிளைம் எதுக்கும் கட்டணம் கிடையாது. வாரியத்தோட இணையதளத்துலயே நீங்களே போடலாம். முடியலன்னா மாவட்டத்துல தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கும். போர்டுல "சமூகப் பாதுகாப்புத் திட்டம்"னு போட்டிருக்கும், அங்க போங்க. பக்கத்துலயே தொழிலாளர் துறையோட வேற அலுவலகமும் இருக்கலாம், அங்க போய் நின்னுட்டு வராதீங்க.

அப்பாவுக்கு இயற்கை மரண உதவித்தொகையும், ஈமச்சடங்குச் செலவும் வரும். தொகையை இணையதளத்துல பார்த்துக்கோங்க, பழைய நோட்டீஸ்ல பழைய கணக்குதான் இருக்கும். நாமினி உயிரோட இல்லாததால வாரிசு சான்றிதழ் வேணும். அதை இ-சேவையில போட்டு வட்டாட்சியர்கிட்ட வாங்கணும். இறப்புச் சான்று, அப்பா கார்டு, அம்மாவோட ஆதார், பாஸ்புக் எல்லாத்தையும் ஒண்ணா எடுத்து வைங்க. எல்லாத்துலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ரேஷன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேருன்னு இருந்துதான் முக்காவாசி மனு திரும்பி வருது. தள்ளிப் போடாம சீக்கிரம் போடுங்க.

இப்ப அம்மா விஷயத்துக்கு வரேன். எனக்கு மனசு கொதிக்கிற இடம் இதுதான். புருஷன் கொத்தனார், பொண்டாட்டி சித்தாள், ரெண்டு பேரும் ஒரே சாரத்துல ஏறி இறங்குறாங்க. ஆனா கார்டு அவருக்கு மட்டும்தான். அவர் போயிட்டா அன்னையோட அந்தக் குடும்பத்துக்கு வாரியத்தோட இருந்த தொடர்பே அறுந்து போகுது. குடும்ப உறுப்பினர்னு பேர் இருக்கறதும் தொழிலாளியா பதிவு இருக்கறதும் ஒண்ணு இல்ல. உங்க தங்கச்சி படிப்பையே எடுத்துக்கோங்க. கல்வி உதவித்தொகை பதிவு பெற்ற தொழிலாளியோட பிள்ளைக்குத்தான். இனிமே அந்தப் பதிவு அம்மா பேர்ல இருந்தாத்தான் கேக்க முடியும். நாளைக்கு தங்கச்சி கல்யாணத்துக்கு வாரியத்துல உதவி கேக்கறதா இருந்தாலும் அப்படித்தான். அம்மாவுக்கு 60 முடிஞ்சதும் வர்ற ஓய்வூதியமும் (இப்ப மாசம் 1,200 ரூபா) அவங்க பேர்ல பதிவு இருந்து, அதை விடாம புதுப்பிச்சு வந்திருந்தாத்தான்.

18 வயசுல இருந்து 60 வரைக்கும் பதிவு பண்ணலாம். கடைசி 12 மாசத்துல 90 நாளாவது கட்டட வேலை பார்த்திருக்கணும்னு சட்டம் சொல்லுது. உங்க அம்மா அதுக்கு மேலயே பார்த்திருப்பாங்க. கொத்தனார், தச்சர், பெயிண்டர், பிளம்பர் மாதிரி சித்தாளும் தொழிலாளிதான். சித்தப்பாகிட்ட மரியாதையாவே சொல்லுங்க, அண்ணி வேலைக்குப் போறது அவங்க முடிவு, கார்டு அவங்க உரிமை.

மேஸ்திரி பயப்படறதுக்கு ஒரு காரணமும் இல்ல. வாரியத்துக்கு வர்ற பணம் அவர் பையில இருந்து போறது இல்ல. கட்டடத்தோட மதிப்புல 1 சதவீதம் நல நிதின்னு, பிளான் அப்ரூவல் வாங்கும்போதே கட்டுறவங்ககிட்ட வசூல் பண்றாங்க. அம்மா சுமந்த செங்கல்லுக்கு ஏற்கெனவே கட்டின பணம் அது. அப்படியும் அவர் போடலன்னா விடுங்க. பணிச்சான்றைப் பதிவு பெற்ற தொழிற்சங்கம் தரலாம், கிராம நிர்வாக அலுவலர் தரலாம். வி.ஏ.ஓ. கிட்ட போகும்போது அம்மாவும் கூட வரட்டும், அவங்க கையைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.

கைன்னதும் ஞாபகம் வருது. ஆதார்ல போன் நம்பர் சேர்க்கப் போனா விரல் ரேகை விழாது. சிமெண்ட் பால் அரிச்சு, வலதுகை கட்டை விரல் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு ஆயிடும். மெஷின்ல வச்சு வச்சுப் பார்த்துட்டு "நாளைக்கு வாங்க"ம்பாங்க. நாளைக்கும் விழாது. கருவிழி வச்சு எடுங்கன்னு நீங்களே கேளுங்க. போறதுக்கு முந்தின ஒரு வாரம் அம்மா கலவையில கை வைக்காம, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிட்டுப் படுத்தா கொஞ்சம் தேவலை.

இ-ஷ்ரம் மத்திய அரசோட அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு. 2021ல வந்தது. அதை வச்சிக்கோங்க, ஆனா அது வாரியக் கார்டு ஆகாது. "கார்டு இருக்கே"ன்னு அதைத் தூக்கிட்டு வர்ற நிறைய பேரைப் பார்க்கறேன்.

கோவை சைட் சூப்பர்வைசர்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக ஒண்ணு சேர்த்துடறேன். வேலை செய்யற இடத்துலயே விபத்துல யாராவது இறந்தா, பதிவு இல்லாத தொழிலாளியா இருந்தாலும் குடும்பத்துக்கு வாரியத்துல உதவி உண்டு. அதுக்கு எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கட்டாயம். சில இடத்துல "போலீஸ் எதுக்கு, நாங்க பார்த்துக்கறோம்"னு கையில கொஞ்சம் பணத்தைக் குடுத்து உடம்பை ஊருக்கு அனுப்பிடறாங்க. வெளி மாநிலப் பசங்களுக்குத்தான் இது அதிகம் நடக்குது. தயவுசெஞ்சு யாரும் ஒத்துக்காதீங்க. சட்டப்படி வேலை கொடுத்தவர் தர வேண்டிய இழப்பீடு வேற, வாரிய உதவி வேற.

வாரியத்துல பணம் இல்லாம இல்ல. நாடு முழுக்க வசூலான நல நிதி தொழிலாளிங்களுக்குப் போய்ச் சேரலன்னு 2018ல உச்ச நீதிமன்றமே கடுமையா சொல்லியிருக்கு.

வளவனூர் பையன்:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. பிரவுசிங் சென்டருக்குப் போகல. வாரிசு சான்றுக்கு இ-சேவையில போட்டாச்சு. அம்மாகிட்ட நீங்க எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். "என் பேர்லயே கார்டு வருமா"ன்னு கேட்டாங்க. ஒரு சந்தேகம். அப்பா கிளைம் முடியற வரைக்கும் அம்மா பதிவை நிறுத்தி வைக்கணுமா? தங்கச்சி காலேஜ் சேர்ந்தா புதுமைப் பெண் திட்டத்துல 1,000 ரூபா வரும்ங்கறாங்க, அது வந்தா வாரிய உதவி போயிடுமா?

செஞ்சி அக்கா:

நிறுத்த வேண்டாம் தம்பி. அது வேற மனு, இது வேற மனு. ரெண்டையும் ஒண்ணாவே போடுங்க. அம்மா மனுவுல நாமினி உங்க பேரோ தங்கச்சி பேரோ இருக்கட்டும்.

புதுமைப் பெண் தனி. ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுக்கு மாசம் 1,000. வேற உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். அந்த விண்ணப்பம் காலேஜ் வழியா போகும்.

"என் பேர்லயே வருமா"ன்னு அம்மா கேட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. இந்த வாரியம் 1994ல வந்ததுக்கும், 1996ல டெல்லியில சட்டம் வந்ததுக்கும் பின்னாடி கட்டடத் தொழிலாளிங்க வருஷக்கணக்குல நடத்தின போராட்டம் இருக்கு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் மாதிரி பெரியவங்க தலைமையில கையெழுத்து வாங்கி, ஊர்வலம் போய் வாங்கின சட்டம். அந்த ஊர்வலத்துல சித்தாள் பொம்பளைங்களும்தான் நடந்தாங்க. வரும்னு சொல்லுங்க.

மனு போட்டதும் ஒப்புகை எண் வரும். அதை ஒரு நோட்டுல எழுதி வைங்க, போன்ல மட்டும் வச்சிருக்காதீங்க. திருப்பி அனுப்பினா என்ன காரணம் போட்டிருக்காங்கன்னு இங்கயே எழுதுங்க, பார்த்துச் சொல்றேன்.