ஷாக் டியூபில் ஹைட்ரஜன் முதலில் எங்கே பற்றுகிறது? – அனுபவப் பகிர்வு

(ஷாக் டியூப் என்பது நீண்ட குழாய். டயாபிரம் என்ற மெல்லிய தகடு கிழிந்ததும் அதிர்வலை ஒன்று ஓடி, மூடிய முனைச்சுவரில் மோதித் திரும்பி, சோதனை வாயுவைச் சூடாக்கும். எழுதுபவர்களை ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறோம்.)

நாகர்கோவில்:
1000 கெல்வினைத் தாண்டி நன்றாக ஏறிவிட்டால் தொல்லை குறைவு. திரும்பிவரும் அதிர்வலைக்குப் பின்னால், முனைச்சுவரை ஒட்டிய வாயு ஒட்டுமொத்தமாகப் பற்றும். முனைச்சுவரின் அழுத்த சென்சார் சொல்லும் நேரமும் கேமரா காட்டும் நேரமும் ஒத்துப்போகும். அதற்குக் கீழே இறங்கும்போதுதான் கவனம் தேவை. ஷ்லீரன் படத்தில் (வாயுவின் அடர்த்தி மாற்றத்தை ஒளி-நிழலாகக் காட்டும் படம்) சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி மிளகளவுக்கு ஒரு பொட்டு முளைக்கும். அடுத்த ஃபிரேம்களில் ஓரம் சுருங்கி நெளிந்து தீயாகப் பரவும், பிறகே வெடிப்பு. முனைச்சுவர் சென்சார் பதிவதோ அந்த வெடிப்பை. அந்த நேரத்தையே ‘பற்றும் தாமதம்’ (சூடேறியதிலிருந்து பற்றும்வரை ஆகும் நேரம்) என்று எழுதி, கணினி மாடலோடு ஒப்பிட்டால், வேதிவினை விகிதம் தப்பு என்று தோன்றும். தப்பு அங்கே இல்லை.

எரிதல் ஆய்வாளர்கள் மேயரும் ஓப்பன்ஹைமும் 1971இல் தந்த அளவுகோல் இன்றும் உதவுகிறது: வெப்பநிலை 1 கெல்வின் குறைந்தால் தாமதம் 2 மைக்ரோ செகண்டுக்கு மேல் நீளும் இடத்தில் பொட்டுப் பொட்டாகத்தான் பற்றும். அழுத்தம் கூடினால் இந்த எல்லையும் மேலே ஏறும். அந்தப் பகுதியில் படம் இல்லாத அளவீட்டை நம்பவே கூடாது.

மணவாளக்குறிச்சி:
நாகர்கோவில் அண்ணாச்சி சொன்ன பொட்டுக்குப் பல நேரம் காரணம் ஒரு தூசிதான். அலுமினிய டயாபிரத்தில் கீறிய சிலுவைக் கோடு ஆழம் போதாவிட்டால், திறக்கும் இதழ் மடியாமல் பிய்ந்து துணுக்குகள் பறக்கும். நம் கடற்கரையின் இல்மனைட், கார்னெட் மணல் செருப்போடு உள்ளே வரும். ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஜன்னலைத் திறக்கவே முடியாது.

கண்டுபிடிக்க எளிய வழி: ஹைட்ரஜன் போடாமல் ஆர்கானை மட்டும் நிரப்பி, அதே வேகத்தில் ஒரு ஷாட் அடியுங்கள். ஷ்லீரனில் கரும்புள்ளிகள் ஓடினால் குழாய் சுத்தமில்லை. பஞ்சு பிரியாத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து, முனைச்சுவரிலிருந்து டயாபிரம் நோக்கி ஒரே திசையில் இழுத்துத் துடைக்க வேண்டும். பிறகு நெடுநேரம் பம்ப் ஓடட்டும். மிச்சமிருக்கும் ஆல்கஹாலே ஹைட்ரஜன் அணுக்களைத் தந்து தாமதத்தைக் குறைத்துவிடும்.

குளச்சல்:
ஈரத்தை யாரும் சொல்லவில்லையே. இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. 30 டிகிரியில் காற்றில் 30 மில்லிபாருக்கு மேல் நீராவி இருக்கும். டயாபிரம் மாற்றத் திறந்ததும் அது எஃகுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரஜன் அணுவும் ஆக்சிஜனும் சேர்ந்து எச்.ஓ.2 ஆகும் வினையில் மோதலில் மிஞ்சும் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் மூன்றாவது துணையாக, நீர் ஆர்கானைவிடப் பத்து மடங்குக்கு மேல் வலுவானது. அந்த வழியில் அணுக்கள் முடங்க, தாமதம் நீளும். ஆகவே, திறந்திருக்கும் நேரம் முழுக்க உள்ளேயிருந்து வெளியே உலர்ந்த ஆர்கான் மெல்ல ஓடிக்கொண்டிருக்கட்டும்.

வெற்றிடம் வந்ததும் வால்வை மூடி, அழுத்தம் ஏறுவதை நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். நேர்கோடாக ஏறினால் கசிவு, ஓ-ரிங்கை (ரப்பர் அடைப்பு வளையம்) பாருங்கள். ஏறும் வேகம் போகப்போகத் தணிந்தால் சுவரிலிருந்து வரும் ஈரம், மறுபடி பம்ப் செய்யுங்கள்.

தக்கலை:
ஹைட்ரஜன் தீ கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது. தீயில் உண்டாகும் ஓ.எச். (ஹைட்ராக்சில்) தரும் ஒளி 308 நானோமீட்டர் அருகில், புற ஊதாவில், வருவது. சாதாரண ஆப்டிகல் கண்ணாடி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஜன்னல், லென்ஸ் இரண்டும் குவார்ட்ஸ் வகையாக இருக்க வேண்டும், கேமராவுக்கு முன் ஒளியைப் பெருக்கும் இன்டென்சிஃபையரும் வேண்டும். ஷ்லீரனுக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் அதிர்வலை நொடிக்கு 650 மீட்டர் ஓடும்போது, 1 மைக்ரோ செகண்ட் எக்ஸ்போஷரில் 0.65 மி.மீ. மங்கும். பல்ஸ் லேசர் விளக்கால் 0.2 மைக்ரோ செகண்டுக்குக் கொண்டுவந்தால் அலைமுகம் கோடாக நிற்கும்.

நாகர்கோவில்:
ஒன்று விட்டுப்போனது. அதிர்வலையின் வேகத்தை அளக்க 300 மி.மீ. இடைவெளியில் வைத்த இரண்டு சென்சார்களில் 1 மைக்ரோ செகண்ட் பிசகினால், அந்த வேகத்திலிருந்து போடும் வெப்பநிலைக் கணக்கு 1030 கெல்வின் அருகே 4 கெல்வின் நகரும். நான்கைந்து சென்சார் வைத்து, வேகம் குறைந்துவருவதையும் சேர்த்து முனைச்சுவர் வரை நீட்டிக் கணக்கிடுங்கள். கேமரா ட்ரிகரைக் கடைசி சென்சாரில் கொடுத்து, அதற்கு முந்தைய ஃபிரேம்களையும் சேமித்து வையுங்கள்.