கடற்கரை வீடு, மூன்று வருடமாக ஏசிக்கு கேஸ் நிரப்பிக்கொண்டே இருக்கிறேன். இது சரிதானா?

கடியபட்டணத்துக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். வீடு குமரி மாவட்டம் கடியபட்டணத்தில், கடலுக்கு நடந்தால் மூன்று நிமிடம். 2022 ஏப்ரலில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி வாங்கினோம். முதல் வருடம் குறையே இல்லை, போர்வை தேடவேண்டி இருந்தது. 2023 மே மாதம் குளிர் குறைந்தது. ஒருவர் வந்து கேஸ் நிரப்பினார், 2,800 ரூபாய். 2024 ஏப்ரலில் இன்னொருவர், 3,000. இந்த மார்ச்சில் வேறொருவர், 3,200. ஆள்தான் மாறுகிறது, பேச்சு ஒன்றுதான்: "கடக்கரை வீடு பாத்துக்கிடுங்க, உப்புக்காத்துக்கு வருஷா வருஷம் கேஸ் போடத்தான் செய்யணும்."

இப்போது ஜூலை. மறுபடியும் குளிர் இல்லை. கடலை விட்டுத் தள்ளி, நாகர்கோவில் வடசேரியில் மச்சான் வீட்டில் 2016இல் மாட்டிய ஏசிக்கு இன்றுவரை யாரும் கேஸ் போட்டதில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். வாரண்டி அட்டையில் கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்று இருக்கிறது. கேஸும் உப்புக்காற்றால் வரும் துருவும் அதில் சேராது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அவுட்டோர் யூனிட் மாடியில் மேற்குப் பக்கம் இருக்கிறது. மழை படக்கூடாது என்று மேலே ஷீட் போட்டு நன்றாக மறைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

குளச்சல் தம்பி:
அண்ணே, எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஏசி என்றால் கேஸ் தீரத்தான் செய்யும், பைக்குக்குப் பெட்ரோல் போடுவது மாதிரி. கரையில் இருந்துகொண்டு இதற்குக் கவலைப்பட்டால் முடியாது. சித்திரையில் ஒருமுறை போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பழைய மெக்கானிக்:
தம்பி, அது பெட்ரோல் இல்லை. பெட்ரோல் எரிந்து தீரும். ஏசி கேஸ் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. ஒரே கேஸ்தான் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது, அவ்வளவுதான். குறைந்துவிட்டது என்றால் எங்கேயோ ஒழுகியிருக்கிறது. ஒழுகும் இடத்தைப் பார்க்காமல் நிரப்புவது, அடி ஓட்டைக் குடத்தில் தண்ணீர் கோருவது மாதிரி.

நான் சவூதியில் ஜுபைல் பக்கம் 14 வருடம் இந்த வேலைதான் பார்த்தேன். அங்கேயும் கடல்தான், இங்கேயும் கடல்தான்.

கடியபட்டணத்துக்காரரே, மூன்று விஷயம் சொல்லுங்கள். யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கிறது? வந்தவர்களில் யாராவது தராசு கொண்டுவந்தார்களா? சோப்பு நுரை வைத்துப் பார்த்தார்களா? அப்புறம், ஏசியை 24இல் வைத்து ஜன்னல் கதவு அடைத்து இருபது நிமிடம் ஓடவிட்டு, மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும் கீழே வெளியே வரும் இடத்திலும் வெப்பநிலை அளந்து சொல்லுங்கள். நன்றாக இருக்கும் ஏசியில் குறைந்தது எட்டு டிகிரி வித்தியாசம் வரும். அளப்பதற்கு முன்னால் ஃபில்டரைக் கழுவிவிடுங்கள், தூசி அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
உப்புக்காற்று என்று எல்லோரும் சொல்கிறோம், அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். அடுக்களையில் உப்பு ஜாடி ஆனி, ஆடியில் தானாக நீர் விட்டுக் கிடக்குமே, அதுதான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆக, உங்கள் யூனிட்டின் மேல் படிந்த உப்பு மழை இல்லாத நாளிலும் ஈரமாகவே இருக்கிறது.

காயில் என்பது செம்புக் குழாய், அதில் கோத்த அலுமினியத் தகடுகள். இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்புநீர் நின்றால் அது ஒரு குட்டி பேட்டரி. அந்த பேட்டரியில் கரைவது அலுமினியம், செம்பு தப்பித்துக்கொள்ளும். ஆகவே உப்பு முதலில் தின்பது தகடுகளை. வெள்ளைப் பொடியாக உதிரும், விரலால் தொட்டால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அதனால் ஏசியின் சூடு வெளியேறாது, கரண்ட் பில் ஏறும். ஆனால் செம்புக் குழாயே ஓட்டை விழுந்து, அதுவும் மாட்டிய மறு வருடமே கேஸ் போக ஆரம்பித்தது என்றால் எனக்குச் சந்தேகம்தான். வேறு இடத்தில் தேடவேண்டும் என்று தோன்றுகிறது.

அந்த ஷீட்டையும் கழற்றுங்கள். மழை நல்லது. மழைதான் உப்பைக் கழுவிவிடும். கடற்கரை வீடுகளில் ஜன்னல் கம்பியைப் பாருங்கள், மழை அடிக்கும் பக்கத்தைவிட சன்ஷேடுக்கு அடியில் மறைந்த பக்கம்தான் மோசமாகத் துருப்பிடித்திருக்கும். நாற்பது வருடம் பாடம் நடத்தியவன், என் வீட்டு கேட்டிலேயே இதை ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

இரணியல் அக்கா:
அந்த அலுமினியத் தகடுகளுக்கு நீலக் கலர் பூச்சு, தங்கக் கலர் பூச்சு என்று கடையில் சொல்கிறார்களே, அது பிரயோஜனமா சார்? கூடுதலாக ரூபாய் வாங்குகிறார்கள்.

பழைய மெக்கானிக்:
பிரயோஜனம் உண்டு அக்கா, ஆனால் அது சட்டைக்கு மேல் போட்ட மெல்லிசு துண்டு. சில வருடம் தள்ளிப்போடும். கழுவாமல் விட்டால் எந்தக் கலரும் நிற்காது. மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தோட்டத்துக் குழாயால் மெதுவாக நல்ல தண்ணீர் அடித்தால் போதும். நல்ல தண்ணீர் என்று சொன்னேன், கரையோரக் கிணற்றில் கரிக்கும் தண்ணீரை எடுத்து அடித்துவிடாதீர்கள். அப்படிச் செய்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். பிரஷர் வாஷரும் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

கடியபட்டணத்துக்காரன்:
மன்னிக்கவும், இரண்டு நாள் மாடி ஏற முடியவில்லை, அவ்வளவு காற்று. இன்று பார்த்தேன். தகட்டில் ஆர்-32, 780 கிராம் என்று இருக்கிறது. தராசு யாருமே கொண்டுவரவில்லை. மூன்று பேரும் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, முள்ளைப் பார்த்துக்கொண்டே அடித்தார்கள். சோப்பு நுரை 2024இல் வந்தவர் மட்டும் நட்டில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை என்றார். ஃபில்டர் கழுவிவிட்டு, மீன் தொட்டிக்கு வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டரால் அளந்தேன்: மேலே 29, கீழே 23. இன்டோருக்குப் போகும் மெல்லிய குழாயில், அவுட்டோர் பக்கம், பனி பிடித்திருக்கிறது.

சார் சொன்ன மாதிரி தகடுகளின் ஓரம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்னும் உதிரவில்லை. ஷீட்டைக் கழற்றிவிட்டேன். மனைவி "நான் அப்பவே சொன்னேன்" என்கிறாள். சொன்னாளா என்று நினைவில்லை.

பழைய மெக்கானிக்:
ஆறு டிகிரி, மெல்லிய குழாயில் பனி. கேஸ் குறைவுதான். இன்வெர்ட்டர் ஏசியில் முள்ளைப் பார்த்து நிரப்புவது குத்துமதிப்பு வேலை. கம்ப்ரசர் வேகம் மாற மாற முள்ளும் மாறும். இருக்கும் கேஸை எடுத்துவிட்டு, வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து), தராசில் 780 கிராம் எடைபோட்டு நிரப்புவதுதான் முறை.

ஒரு விஷயம் பாருங்கள். கேஸ் நிரப்பும் வால்வின் வாயில் பித்தளை மூடி இருக்கிறதா?

கடியபட்டணத்துக்காரன்:
தடித்த குழாய்ப் பக்கம் சைக்கிள் டியூப் வால்வு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுவா? அதற்கு மூடி இல்லை. உள்ளே பச்சைக் களிம்பு.

பழைய மெக்கானிக்:
கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்குள் ஒரு ஊசி இருக்கும், ஸ்ப்ரிங்கால் மூடிக்கொள்ளும். ஊசி ஒரு பூட்டு, மேலே உள்ள மூடி இன்னொரு பூட்டு. நிரப்ப வந்தவர் மூடியை எங்கோ வைத்து மறந்துவிட்டார். உப்பு உள்ளே போய் ஊசி சரியாக உட்காரவில்லை. அதன் வழியாகத்தான் மெல்ல மெல்லப் போகிறது.

2024இல் வந்தவர் நுரை வைத்தும் ஏன் தெரியவில்லை? கேஜ் ஹோஸ் அந்த வாயில்தானே மாட்டியிருந்தது! ஒழுகும் வாயை ஹோஸால் அடைத்துவிட்டு மற்ற எல்லா இடத்திலும் தேடியிருக்கிறார். ஹோஸைக் கழற்றிய பிறகு அந்த வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்கவேண்டும். அதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை, அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு காசு கேட்கும் நேரம்.

ஆனால் 2023இல் முதல் தடவை ஏன் குறைந்தது என்பது இதில் வராது. அதனால் குழாய்களை இரண்டு யூனிட்டிலும் இணைக்கும் ஃப்ளேர் நட்டு நான்கையும் நைட்ரஜன் அழுத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் மட்டும்தான். வெல்டிங் கடையில் கிடைக்கிறது என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிவந்தால் ஆளை மாடி ஏறவிடாதீர்கள். கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தத்தில் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடிய கேஸ் என்பதால் வேலை நடக்கும்போது பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் வேண்டாம்.

இரணியல் அக்கா:
மூன்று பேருக்குக் கொடுத்த 9,000 ரூபாய் போனது போனதுதானா? ரசீது இருந்தால் விடாதீர்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அதில் முதலில் பதிவு செய்யலாம். அதற்கும் அவர்கள் மசியாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும், ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே போகலாம்.

கடியபட்டணத்துக்காரன்:
அக்கா, ரசீது இந்த மார்ச்சில் வந்தவர் தந்தது மட்டும்தான் இருக்கிறது. அதில் "கேஸ் சார்ஜ்" என்று எழுதி மூன்று மாதம் உத்தரவாதம் போட்டிருக்கிறார். மார்ச் போய் ஜூலை. கணக்காகத்தான் எழுதியிருக்கிறார்!

குளச்சல் தம்பி:
அந்த மூன்று மாதம் எனக்கும் உண்டு 😄

கடியபட்டணத்துக்காரன்:
வேலை முடிந்தது, எழுதிவிடுகிறேன். ஒருவர் தராசு, நைட்ரஜன், வேக்கம் பம்ப் எல்லாம் கொண்டுவந்தார். முதலில் ஹோஸ் மாட்டாமலே அந்த வாயில் சோப்புத் தண்ணீர் விட்டார். மெல்ல ஒரு குமிழ் எழுந்தது, உடைந்தது, இன்னொன்று எழுந்தது. மாடியில் குனிந்து நின்று பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் என் பணம் போன வழி.

எடுத்த கேஸ் தராசில் 410 கிராம்தான் இருந்தது. நைட்ரஜன் ஏற்றி ராத்திரி முழுக்க வைத்தார். அவுட்டோரில் ஒரு ஃப்ளேர் நட்டும் லேசாக ஒழுகியது. மாட்டும்போதே குழாய் வாயைச் சரியாக விரிக்கவில்லை என்றார், அதை வெட்டிப் புதிதாக விரித்தார். ஊசி புதிது. மறுநாள் வேக்கம் போட்டு 780 கிராம் நிறுத்து ஏற்றினார். மொத்தம் 4,600. இப்போது மேலே 28, கீழே 17.

மூடி மட்டும் அவரிடம் இல்லை. கோட்டாறில் ஒரு கடையில் 30 ரூபாய்க்குக் கிடைத்தது.

குளச்சல் தம்பி:
சரி அண்ணே, பெட்ரோல் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். இப்போதுதான் மாடி ஏறிப் பார்த்தேன். என் யூனிட்டில் மூடி இருக்கிறது. அப்போ எனக்கு எங்கே ஒழுகுகிறது?

பழைய மெக்கானிக்:
மூடியைக் கழற்றி உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா பார் மக்கா. இல்லை என்றால் அந்த மூடி சும்மா தொப்பியாகவும் இருக்கலாம். வளையம் இருந்தால் நட்டு நான்கையும் பார்க்கவேண்டும். தகட்டில் எத்தனை கிராம் என்று எழுதிப் போடு.