பபிள் டிப் அனிமோனி (கடல் சாமந்தி) ஊர்ந்து போய் சோவா பவளம் மேல ஏறுது. யாராவது வழி சொல்லுங்க

மூணடி டேங்க்:
வணக்கம். சென்னை. 3 அடி கடல்நீர் டேங்க், கிட்டத்தட்ட 180 லிட்டர், ஓட ஆரம்பிச்சு 8 மாசம் ஆகுது. உள்ள ரெண்டு ஒசெல்லாரிஸ் க்ளவுன் மீன், சோவா ரெண்டு கொத்து, மஷ்ரூம் பவளம் கொஞ்சம், ஒரு டோட்ஸ்டூல் லெதர் பவளம். 3 வாரம் முன்னாடி பபிள் டிப் ஒண்ணு வாங்கி வலது ஓரத்துல வச்சேன். மறுநாள் காலையில கண்ணாடியில ஒட்டியிருந்துச்சு. அப்புறம் பின்பக்கம் போச்சு. நேத்து ராத்திரி பச்சை சோவா கொத்துக்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கு. அது தொடுற பக்கம் சோவா பூரா மூடிக்கிட்டு சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கு, மறுபக்கம் நல்லா விரிஞ்சிருக்கு. பிடுங்கி பழைய இடத்துலயே வைக்கலாமா?

உப்புத்தண்ணி:
பிடுங்காதீங்க! ஒட்டிக்கிற கால் கிழிஞ்சா அழுகிடும், அழுகினா ஒரே ராத்திரியில டேங்க் முழுக்க நாறிடும். முதல்ல வேவ்மேக்கரோட (தண்ணியை அலையடிக்க வைக்கிற மோட்டார்) வாய்க்கு வலையோ ஸ்பாஞ்சோ கட்டுங்க. ஊருற அனிமோனி நிறைய அதுக்குள்ள போய்த்தான் சாகுது. நான் ஒண்ணை அப்படித்தான் இழந்தேன், காலையில பார்த்தா தண்ணி மோர் மாதிரி இருந்துச்சு.

அப்புறம் உப்பு எவ்வளவு, எதுல அளக்குறீங்க? வெப்பம்? நைட்ரேட்? அனிமோனியோட வாய் இறுக்கமா மூடியிருக்கா, தொங்குதா?

மூணடி டேங்க்:
ஸ்பாஞ்ச் கட்டிட்டேன் அண்ணா. உப்பு 1.025 (ஒப்படர்த்தி), முள்ளு ஆடுற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்ல பார்த்தது. வெப்பம் 27, நைட்ரேட் 10. வாய் மூடித்தான் இருக்கு. நிறம் வெளுக்கலை.

உப்புத்தண்ணி:
அந்த முள்ளை நான் நம்பமாட்டேன் தம்பி. அதுல சின்னதா ஒரு காத்துக்குமிழி ஒட்டினாலே முள்ளு தூக்கிக்கும், உப்பு இருக்கிறதை விட அதிகமா காட்டும். யார்கிட்டயாவது ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளியை வச்சு உப்பை அளக்குற கருவி) வாங்கிப் பாருங்க. அதையும் ஆர்ஓ தண்ணியில (வடிகட்டி உப்பு நீக்கினது) பூஜ்யம் வச்சா மட்டும் போதாது, 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) கரைசல் விட்டுச் சரிபார்க்கணும்.

கொளத்தூர்வாசி:
ப்ரோ, பாறை போட்டோ ஒண்ணு போடுங்க. ஓட்டை இருக்கா? பபிள் டிப் காலைப் பொந்துக்குள்ள விட்டு, தலையை மட்டும் வெளிச்சத்துக்கு நீட்டிக்கிற ஜாதி. வழுவழு பாறை மேல வச்சா நிக்கவே நிக்காது.

மூணடி டேங்க்:
ரிஃப்ராக்டோமீட்டர்ல 1.021!! தலையில அடிச்சுக்கிட்டேன். பாறை தட்டையாத்தான் இருக்கு, அடுக்கி சிமெண்ட் வச்சு ஒட்டினது. ஒரு ஓட்டை கூட இல்ல. இன்னைக்கே உப்பு கரைச்சு ஊத்திடவா?

உப்புத்தண்ணி:
ஒரே நாள்ல ஏத்தினா இருக்கிறதும் போயிடும். வத்துற தண்ணிக்குப் பதிலா ஆர்ஓ ஊத்துறீங்கல்ல, கொஞ்ச நாளைக்கு அந்த இடத்துல உப்புத்தண்ணி ஊத்துங்க. ஒரு நாளைக்கு 0.001-க்கு மேல ஏறக்கூடாது. 1.025 தொட்டதும் பழையபடி ஆர்ஓவுக்கு மாறிடுங்க. மறந்தீங்கன்னா உப்பு ஏறிக்கிட்டே போகும்.

இடத்துக்கு: ஆழமா பொந்து உள்ள பாறை ஒண்ணைத் தனியா, மத்த பாறைங்களை ஒட்டாம, சுத்தி ஒரு சாண் மணல் விட்டு வைங்க. வெறும் மணலைத் தாண்ட அது பெரும்பாலும் யோசிக்கும். நகர்த்த வேண்டியது சோவாவைத்தான், அனிமோனியை இல்ல. சோவா கொத்தைத் தொடும்போது கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி ரெண்டும் கட்டாயம். அதுல பாலிடாக்சின்னு கடும் விஷம் இருக்கலாம், கையில வெட்டு இருந்தா ஆபத்து. அந்தப் பாறையை வெந்நீர்ல போட்டுக் கழுவுறேன்னு கிளம்பிடாதீங்க, ஆவி மூச்சுல போனா ஆஸ்பத்திரிதான்.

லெதர் வேற தண்ணியில என்னத்தையோ கசியவிடும். பையில தண்ணியைச் சுத்தம் பண்ற கார்பன் போட்டு மாசா மாசம் மாத்துங்க.

மூணடி டேங்க்:
சரிங்கண்ணா. பச்சை சோவாவை இடது மூலைக்கு மாத்திட்டேன். அது இருந்த இடத்துல டார்ச் கோரல் வைக்கலாம்னு ஆசை, ஒருத்தர் தர்றேன்னார்.

கொளத்தூர்வாசி:
வேணாம் ப்ரோ. டார்ச், ஹாமர் எல்லாம் கல் பவளம். நம்ம நாட்டுல கல் பவளம் எல்லாமே 2001-லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில ஏறிடுச்சு. கடல் விசிறியும் அப்படித்தான். ரகசியமா தர்றவன் ரகசியமாவே நழுவிடுவான், டேங்க் உங்க வீட்டுலதான் இருக்கும். சட்டத்தை விடுங்க, டார்ச்சும் நீளக் கொடுக்கு நீட்டுற ஆளு. பபிள் டிப் பக்கத்துல வச்சா தினமும் சண்டை.

மூணடி டேங்க்:
10 நாள் கழிச்சு அப்டேட். உப்பு 1.025-ல நிக்குது. பொந்துப் பாறையை வச்சு, வேவ்மேக்கர் வீச்சை அனிமோனியோட கால் பக்கம் லேசாத் திருப்பினேன். மூணாம் நாள் தானாவே விட்டு உருண்டுச்சு, வலைக்கரண்டியில ஏந்திப் பொந்து வாயில விட்டேன். கால் உள்ள போயிடுச்சு, ஒரு வாரமா அசையலை. நுனியெல்லாம் உருண்டை உருண்டையா வந்திருக்கு. சோவா பாதி விரிஞ்சிருக்கு, ஓரத்துல ஏழெட்டு மொட்டு கரைஞ்சு போச்சு. ஆனா க்ளவுன் ரெண்டும் இன்னும் பக்கத்துலயே போகலையே?

உப்புத்தண்ணி:
கடல்ல ஒசெல்லாரிஸுக்கும் பபிள் டிப்புக்கும் சம்பந்தமே இல்ல தம்பி, அது குடியிருக்கிறது வேற அனிமோனி. டேங்க்ல சிலது ஒரு வாரத்துல ஏறும், சிலது வருஷக்கணக்காத் திரும்பியே பார்க்காது. என் ஜோடி இன்னும் லெதர்லதான் தூங்குது. வாரம் ஒரு தடவை இறால் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு, அனிமோனிக்குக் குடுங்க. க்ளவுன் அதைப் பிடுங்க வரும், அப்பத்தான் முதல் தடவை உரசும்.

மூணடி டேங்க்:
நேத்து பிடுங்கிடுச்சு. பிடுங்கிக்கிட்டு நேரா ஹைட்ரோமீட்டர் தொங்குற மூலைக்கே ஓடிடுச்சு.