செட்டிநாட்டிலிருந்து மக்கள் தொடர்பு வேலை: கற்றுக்கொள்ள, ஆட்களைத் தெரிந்துகொள்ள

காரைக்குடி, கல்லூரி மக்கள் தொடர்பு

கல்லூரி, மருத்துவமனை, பாரம்பரிய விடுதி, தொண்டு நிறுவனம் என்று எதுவானாலும், நம் பக்கத்தில் மக்கள் தொடர்பு பார்ப்பவர் பெரும்பாலும் அந்த அலுவலகத்துக்கு ஒற்றை ஆள். எழுதியதைத் திருத்தித் தர மேலே ஒரு மூத்தவர் கிடையாது. அதனால் தொழிலைக் கற்பதும் தொழிலில் ஆட்களைத் தெரிந்துகொள்வதும் நமக்கு ஒரே வேலைதான். அவரவர் அனுபவத்தை இந்த இழையில் சொல்லுங்கள், பொதுவான அறிவுரை வேண்டாம். நேரம், அளவு, எங்கே சிக்கும், ஏன் சிக்கும் என்று எழுதுங்கள்.

நான் தொடர்புப் பட்டியலிலிருந்து தொடங்குகிறேன். செட்டிநாடு என்று ஒரே பெயரில் சொன்னாலும் பத்திரிகைக்கு அது இரண்டு ஊர்க்கூட்டம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி எல்லாம் சிவகங்கை மாவட்டம். கடியாபட்டி, ராயவரம், அரிமளம் புதுக்கோட்டை மாவட்டம். சிவகங்கைச் செய்தி மதுரைப் பதிப்புக்கும் புதுக்கோட்டைச் செய்தி திருச்சிப் பதிப்புக்கும் போவதுதான் பெரும்பாலான நாளிதழ்களில் வழக்கம். கானாடுகாத்தான் நிருபரிடம் கடியாபட்டி நிகழ்ச்சியைக் கொடுத்தால் அவர் எழுத மனமிருந்தும் எழுத முடியாது, அது அவர் எல்லை இல்லை. மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலரும் அப்படியே, ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒருவராக இரண்டு பேர். இரண்டு பட்டியல் வையுங்கள்.

பட்டியலில் பெயர், இதழ், எந்த வட்டம், எந்தத் துறை, எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும், போனா வாட்ஸ்அப்பா, கடைசியாக எப்போது சரிபார்த்தோம் என்று ஏழு கட்டம் போதும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். பகுதி நேர நிருபர்கள் இதழ் மாறிக்கொண்டே இருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "இப்போ எந்த ஏரியா பார்க்கிறீங்க?" என்று கேட்டால் பட்டியல் உயிரோடு இருக்கும், உறவும் இருக்கும்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். "அனுப்பினேன், யாருமே போடலை" என்ற புகாரில் பாதி இதனால் வருவது. முதல் சந்திப்பிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். குழுவில் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு ஒருவரின் எண்ணை இன்னொருவருக்குக் கைமாற்றும்போதும் கேட்டுக்கொள்வதுதான் சரி.

திங்கள்கிழமை காலை பத்திரிகையாளர் சந்திப்பு வைக்காதீர்கள். அன்று ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம், நிருபர்கள் அங்கே இருப்பார்கள்.


தேவகோட்டை, மருத்துவமனைத் தகவல் பிரிவு

அண்ணன் சொன்னதோடு எழுத்துரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய டி.டி.பி. ஆட்களிடம் செய்திக்குறிப்பு அடிக்கக் கொடுத்தால் பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ வரும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பத்திரிகை உதவி ஆசிரியருக்கு அதை மாற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது, அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். யூனிகோடில் அடித்து, மெயிலின் உடம்பிலேயே ஒட்டி, கூடவே வேர்ட் கோப்பும் வையுங்கள். பி.டி.எஃப். மட்டும் அனுப்பினால் நகல் எடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி "கொடி" என்பது உடைந்து வரும்.

மலர், ஆண்டறிக்கை போன்றவற்றை இன்டிசைன் மென்பொருளில் வடிவமைப்பவர்கள் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற தேர்வைப் போட வேண்டும். இல்லையென்றால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சகத்தில் போய்க் கண்டுபிடித்தால் ஒரு நாள் போய்விடும்.

குறிப்பின் அளவு 200 முதல் 250 சொல். முதல் பத்தியில் யார், என்ன, எங்கே, எப்போது. மாவட்டப் பக்கத்தில் இடம் குறைந்தால் கீழிருந்துதான் வெட்டுவார்கள், அதனால் தலைமை விருந்தினரின் பட்டம் பதவி எல்லாம் கீழே போகட்டும். மாலை 4 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், சுருங்காமல் போகும். நம் ஊர் விழாவில் மேடையில் பதினைந்து பேர் நிற்பார்கள், அந்தப் படம் அச்சில் முகம் தெரியாமல் போகும். விழா தொடங்குமுன் நாலைந்து பேரை மட்டும் நிறுத்தி ஒன்று எடுத்துக்கொண்டு, "இடமிருந்து" என்று தொடங்கி வரிசையாகப் பெயர் எழுதுங்கள். தலைப்பெழுத்தை அவரவர் எப்படிப் போடுவார் என்று கேட்டு எழுதுங்கள். சு. என்பவரை எஸ். என்று போட்டால் நிருபருக்குத்தான் போன் போகும், அடுத்த முறை அவர் நம் குறிப்பைத் தொடவே யோசிப்பார்.


கானாடுகாத்தான், விடுதிச் சந்தைப்படுத்தல்

பயண எழுத்தாளர்களும் இன்ஸ்டாகிராம் ஆட்களும் வரும் ஊர் என்பதால் எங்களுக்குத் தொடர்பு தேடி அலைய வேண்டியதில்லை. வந்தவரைத் தக்க வைப்பதுதான் வேலை. 2014ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன, 2019ல் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த இரண்டையும் வருகிறவர்கள் தப்பாகவே எழுதுகிறார்கள். "யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்" என்று போட்டுவிடுவார்கள். பின்னால் பரிந்துரைக்கலாம் என்று நாடு கொடுத்துவைக்கும் தற்காலிகப் பட்டியல் வேறு, உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி வேறு. ஒரு பக்கத் தகவல் தாள் தயாராக வைத்துக் கையில் கொடுத்தால் அந்தப் பிழை நிற்கும். அதைக் கொடுத்தவரின் எண்ணை அவர்கள் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த கட்டுரைக்கு முதலில் கூப்பிடுவதும் அவரைத்தான்.

வீட்டில் படம் எடுக்கும் அனுமதியில் கவனம் வேண்டும். பெரிய வீடுகள் பல பங்காளிகளுக்குச் சொந்தம். காவல்காரர் கதவைத் திறந்துவிடுவார், ஆனால் அது அனுமதி ஆகாது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒரு பங்குதாரர் படத்தைப் பார்த்துவிட்டு ஆட்சேபித்தால் கட்டுரை நிற்கும், நம் பெயரும் கெடும். குறைந்தது இரண்டு வாரம் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். முகப்பு, வளவு (நடு முற்றம்), அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு என்று எதுவரை எடுக்கலாம் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். சாமி அறையைப் படமெடுக்கப் பெரும்பாலும் அனுமதி கிடையாது.

ஆத்தங்குடி ஓடு பட்டறைக்குக் கூட்டிப்போனால் இரண்டு நிலையும் கண்ணில் படுகிற மாதிரி நேரம் பேசி வையுங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவது சில நிமிட வேலை. கண்ணாடியிலிருந்து கழற்றிப் பளபளப்பு தெரிய நாளாகும். முன்கூட்டியே போட்ட ஓடு இல்லாவிட்டால் படக்காரர் ஈர ஓட்டைக் கழற்றச் சொல்வார், பட்டறைக்காரர் மறுக்க, மனக்கசப்பு.

இலவசமாகத் தங்கவைத்தால் அதை வெளிப்படுத்தச் சொல்வது நம் பொறுப்பும்கூட. விளம்பரத் தர நிர்ணயக் குழுவின் விதி 2021லிருந்து இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கும் பரிந்துரைக்கும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. அழைப்பு மெயிலிலேயே ஒரு வரி: "இந்தத் தங்கல் எங்கள் விருந்தோம்பல், பதிவில் அதைத் தெரியும்படி குறிப்பிடவும். என்ன எழுதுவது என்பது உங்கள் விருப்பம்." நல்ல எழுத்தாளர்கள் இந்த வரியைப் பார்த்துத்தான் நம்பி வருகிறார்கள்.


புதுக்கோட்டை, தொண்டு நிறுவனம்

அக்கா, பங்காளி விஷயத்தைத் தனி இழையாகவே போடலாம், அவ்வளவு பேருக்குப் பயன்படும்.

சங்கம், மாநாடு பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்தியப் பொதுமக்கள் தொடர்புச் சங்கம், அதாவது பி.ஆர்.எஸ்.ஐ., 1958ல் தொடங்கியது. சென்னையில் கிளை உண்டு. ஏப்ரல் 21 தேசிய மக்கள் தொடர்பு நாள், அதையொட்டிக் கூட்டங்கள் நடக்கும். அகில இந்திய மாநாடு பெரும்பாலும் ஆண்டின் கடைசியில், ஒவ்வொரு முறை ஒவ்வொரு ஊரில். உறுப்பினர் கட்டணம் கட்டிவிட்டுச் சும்மா இருந்தால் ஒரு பயனும் இல்லை. கிளைக் கூட்டத்தில் பதிவு மேசையிலோ தொகுப்பு எழுதுவதிலோ ஒரு வேலையைக் கேட்டு வாங்கினால் ஒரே நாளில் எல்லார் பெயரும் முகமும் தெரிந்துவிடும்.

காரைக்குடியிலிருந்து விடியற்காலை பல்லவன் ரயில் பிடித்தால் சென்னை எழும்பூர் சேர மதியம் ஆகிவிடும். அதனால் காலை அமர்வுக்கு முந்தின நாளே போக வேண்டும். அலுவலகத்தில் அனுமதி கேட்கும்போது இந்த இரவுத் தங்கலையும் சேர்த்தே கேளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. போகுமுன் பேச்சாளர் பட்டியலிலிருந்து மூன்று பேரை மட்டும் தேர்ந்தெடுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி தயாரியுங்கள். திரும்பி 48 மணி நேரத்துக்குள், பேசிய விஷயத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

லிங்க்ட்இனில் இலவசக் கணக்கில் அழைப்போடு அனுப்பும் குறிப்பு 200 எழுத்துக்குள் அடங்க வேண்டும். தமிழில் எழுதினால் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி எண்ணிக்கை, ஏறக்குறைய 20 சொல்தான் அடங்கும். இப்படி எழுதலாம்: "வணக்கம். சனிக்கிழமை உங்கள் உரைக்குப் பின் கிராமப்புற சுகாதாரச் செய்தி பற்றிக் கேட்டது நான்தான். சொன்ன படிவத்தைப் பயன்படுத்தி எழுதி அனுப்பட்டுமா?" இதில் வேலை கேட்கவில்லை, பதில் சொல்வதும் எளிது.

சர்வதேசச் சான்றிதழ் வேண்டுமென்றால் ஐ.ஏ.பி.சி. என்ற சர்வதேசத் தொடர்பாளர் சங்கத்தோடு சேர்ந்த சி.எம்.பி., அதற்கு மேல்நிலையான எஸ்.சி.எம்.பி. இரண்டும் உண்டு. கட்டணம் டாலரில், எடுத்த பிறகும் ஆண்டுதோறும் கற்றதைக் கணக்குக் காட்ட வேண்டும். மாவட்ட அளவில் வேலை பார்ப்பவருக்கு அது அவசரம் இல்லை என்பது என் கருத்து. மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில், இணையதள வருகையை அளக்கும் அனலிட்டிக்ஸ் சான்றிதழ் இலவசம், 12 மாதம் செல்லும். சான்றிதழோடு நீங்கள் எழுதிய ஐந்து செய்திக்குறிப்பும் அவை வெளிவந்த நறுக்கும் வைத்தால்தான் நேர்காணலில் எடுபடும்.


காரைக்குடி, நெசவுப் பொருள் விற்பனை

அளவீடு பற்றி யாரும் சொல்லவில்லை. செய்தி வந்த இடத்தை அளந்து விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, "இத்தனை லட்சம் மதிப்பு" என்று நிர்வாகத்திடம் காட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தத் தொகை மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று 2010ல் மக்கள் தொடர்பை அளப்பதற்கென்று வந்த பார்சிலோனா கோட்பாடுகளிலேயே சொல்லிவிட்டார்கள். தொடர்புப் பணியை அளப்பவர்களின் சர்வதேச அமைப்பான ஏ.எம்.இ.சி.யின் மதிப்பீட்டுச் சட்டகம் இணையத்தில் இலவசம், அதை ஒருமுறை முழுதாக நிரப்பிப் பாருங்கள், அதுவே ஒரு பயிற்சி. கடையில் நடைமுறை இன்னும் எளிது. கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு, வருகிறவரிடம் "எங்கே பார்த்துட்டு வந்தீங்க?" என்று கேட்டு ஒரு வார்த்தை எழுதினால் போதும். கட்டுரை வந்த வாரத்துக்கும் வராத வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியும்.


தேவகோட்டை, மருத்துவமனைத் தகவல் பிரிவு

ஒரு கேள்வி. தை தொடங்கிக் கல்யாண மாதங்களில் வெளிநாட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெரிய நிறுவனங்களில் இருப்பவர்கள் ஊருக்கு வருகிறார்கள். நாட்டரசன்கோட்டையில் நகரத்தார் கூடி வைக்கும் செவ்வாய்ப் பொங்கலுக்கும் வருகிறார்கள். அங்கே தொழில் பேசலாமா?


காரைக்குடி, கல்லூரி மக்கள் தொடர்பு

பேசக்கூடாது. கல்யாண வீட்டு வளவில் விசிட்டிங் கார்டு நீட்டினால் அந்த வீட்டு ஆச்சிக்கே பிடிக்காது, அதோடு கதவு மூடிவிடும். வணக்கம் சொல்லி, எந்த ஊர், எந்தக் கோவில் என்று வழக்கமாகப் பேசிவிட்டு, "ஊர்ல எத்தனை நாள் இருப்பீங்க, எப்போ கூப்பிடலாம்?" என்று மட்டும் கேளுங்கள். கல்யாணம் முடிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும். மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேச அழையுங்கள், கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். கம்பன் விழாவும் அப்படித்தான். 1939லிருந்து காரைக்குடிக் கம்பன் கழகம் இருக்கிறது, பங்குனியில் பேச்சாளர்களும் எழுத்தாளர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அமர்வு முடிந்த பிறகு அணுகுங்கள், மேடைக்குப் போகுமுன் வேண்டாம்.

ஆண்டு முழுக்க நிலைக்க நமக்கென்று சிறிய கூட்டம்தான் வழி. பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை மதியம் 2 முதல் 4 வரை. மாலையில் வைத்தால் புதுக்கோட்டைப் பக்கத்தவருக்கும் பெண்களுக்கும் பஸ் பிடிப்பது சிரமம், இரண்டாம் தடவையே வராமல் போவார்கள். முகூர்த்த நாளைக் காலண்டரில் பார்த்துத் தவிருங்கள். இடத்துக்குக் கல்லூரி வகுப்பறை போதும், டீ, பலகாரச் செலவை அன்றே பிரித்துக்கொள்ளலாம். ஒருவரே எப்போதும் செலவு செய்தால் கூட்டம் அவருடையதாகிவிடும்.

முதல் ஒரு மணி நேரம் ஒருவருடைய செய்திக்குறிப்பை எல்லாரும் பேனாவோடு திருத்துவது, அடுத்த அரை மணி ஒரு நிருபரோ வடிவமைப்பாளரோ பதில் சொல்வது, மீதி பட்டியல் சரிபார்ப்பு. அறிமுகப் பேச்சு, பொன்னாடை, நன்றியுரை எதுவும் கிடையாது. அதில்தான் நேரம் கரையும். நிருபரை அழைத்தால் அன்று நம் செய்தி எதையும் அவரிடம் கொடுக்கக் கூடாது என்பதை முதலிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் அடுத்த முறை வரமாட்டார்.

வர விருப்பமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள், இரண்டு மாவட்டத்துக்கும் ஒத்துவரும் சனிக்கிழமையைப் பார்த்துச் சொல்கிறேன். வரும்போது சமீபத்தில் எழுதிய ஒரு குறிப்பை 12 படி அச்செடுத்து வாருங்கள், நிறுவனப் பெயரையும் நோயாளி, மாணவர் பெயர்களையும் மறைத்துவிட்டு.