வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம்: அனுமதி, பாதுகாப்பு பற்றி விவரம் வேண்டும்

கேட்டவர்: குடமுருட்டிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். எங்கள் தெருவில் இரண்டு டீச்சர், ஒரு நர்ஸ், கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிற ஒரு பெண் என நாலு பேர், காலையிலிருந்து சாயங்காலம் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். அங்கன்வாடியில் இரண்டு வயதுக்கு மேல்தான் உட்கார வைப்பார்கள். இவர்கள் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அந்த வயதுகூட ஆகவில்லை. எனக்கும் கையில் கொஞ்சம் காசு வரும், பிள்ளைகள் என்றால் பிரியமும் உண்டு.

வீடு மாமனார் காலத்து ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடத்தில் ஊஞ்சல், முற்றம், பின்னால் கொல்லை. கொல்லையில் கிணறும் கீற்றுக் கொட்டகையில் விறகடுப்பும் இருக்கின்றன. கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால். இதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டுமா, எந்த ஆபீஸில் கேட்பது, வீட்டில் எதையெல்லாம் மாற்றுவது? பேப்பர் வேலை முதலில் முடியட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர்.

பதில்: கமலாலயம் வடகரை

தங்கச்சி, நான் திருவாரூர்ப் பக்கம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கொல்லைக் கதவு, காகிதம் எல்லாம் அதற்குப் பிறகு.

நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் எமன் தண்ணீர். கோடை முழுக்க வாய்க்கால் காய்ந்து கிடக்கும், பிள்ளைகள் அதில் இறங்கி மண் அள்ளி விளையாடிப் பழகியிருக்கும். ஜூன் 12 மேட்டூரைத் திறந்து, அப்புறம் கல்லணையைத் திறந்தால், ஒரு ராத்திரியில் அதே பள்ளத்தில் ஆள் நிலைக்காத தண்ணீர் ஓடும். நேற்று விளையாடின இடம்தானே என்று பிள்ளை காலையில் நேராகப் போகும். அதற்கு வித்தியாசம் தெரியாது. அதனால் கொல்லைக் கதவுக்குப் பெரியவர் கை மட்டும் எட்டுகிற உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். பிள்ளைகள் இருக்கிற நேரம் முழுக்க அது பூட்டியே இருக்கட்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் மட்டும் போதாது, பக்கத்தில் துவைக்கிற கல் இருந்தால் அதில் ஏறி எட்டிப் பார்ப்பார்கள். வெல்டிங் பட்டறையில் சொல்லிக் கம்பி மூடி செய்து பூட்டு போடுங்கள். அண்டா, வாளி எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது, கவிழ்த்து வையுங்கள். நடக்கத் தொடங்கின பிள்ளைக்குத் தலைதான் கனம். வாளிக்குள் குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சாண் தண்ணீர் போதும், சத்தமும் வராது.

இதை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீரில் மூழ்கிச் சாவதைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகளில் ஒன்று, பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளைத் தண்ணீருக்கு எட்டாத ஓரிடத்தில் வைத்து ஒரு பெரியவர் கவனித்துக்கொள்வது. நீங்கள் செய்யப்போவது அந்த வேலைதான். நன்றாகச் செய்தால் தெருவுக்கே புண்ணியம்.

அடுத்தது நெருப்பு. 2004 ஜூலை 16-ஐ நம் மாவட்டத்துக்காரர்கள் மறக்க முடியாது. கும்பகோணத்தில் பள்ளிச் சமையல்கூடத்தில் பிடித்த தீ மாடியில் இருந்த கீற்றுக் கூரைக்கு ஏறி 94 பிள்ளைகள் போனார்கள். கீற்றும் அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகவே கூடாது. கொட்டகையைப் பிரித்துவிடுங்கள். முடியாது என்றால் பிள்ளைகள் இருக்கிற நேரத்தில் அந்த அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். குத்துவிளக்கும் அவர்கள் போனபிறகு ஏற்றலாம்.

ஊஞ்சல் பலகையைப் பகலில் கழற்றி வையுங்கள். அதன் விளிம்பு சரியாகப் பிள்ளையின் நெற்றி உயரத்தில் வரும். வயலுக்கு வாங்கின குருணை மருந்து, பூச்சிமருந்து எதுவும் ரேழியில் இருக்கக் கூடாது, பூட்டுகிற அறைக்குப் போகட்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை மல்லாக்கத்தான் தூங்கப் போட வேண்டும். தூளி கட்டினால் கண் பார்வையிலேயே இருக்கட்டும், பெரிய பிள்ளைகள் அதை முறுக்கி விளையாட விடாதீர்கள், துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும். முழு வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் நாலு வயதுக்குக் கீழே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சரி, காகிதம். பிளே ஸ்கூல் என்று போர்டு வைத்தால் நீங்கள் பள்ளிக்கூட விதிக்குள் வந்துவிடுவீர்கள். தமிழ்நாட்டில் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கு 2015-லேயே தனி ஒழுங்குமுறை வந்துவிட்டது. கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று தனியார் பள்ளிக்குக் கேட்கிற கோப்பு அது. தனியார் பள்ளிகளைக் கவனிக்கிற மாவட்டக் கல்வி அலுவலரிடம் போக வேண்டும். பழைய ஓட்டு வீட்டுக்கு உறுதிச் சான்று லேசில் கிடைக்காது. நாலு வீட்டுப் பிள்ளைகளுக்காக அந்தப் போர்டு உங்களுக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் மறைத்தும் செய்யாதீர்கள். தஞ்சாவூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு மனு எழுதி, இன்ன வயதில் இத்தனை பிள்ளைகள், இந்த வீடு, என்ன அனுமதி தேவை என்று கேளுங்கள். நகலில் சீல் வாங்கி வையுங்கள், பதிலும் எழுத்திலேயே வரட்டும். நீங்களே சமைத்துக் கொடுத்து அதற்கும் காசு வாங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். சிறு வணிகருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான்.

எத்தனை பிள்ளைகள் என்பதில் மட்டும் யார் கெஞ்சினாலும் இரங்காதீர்கள். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் 20 பேருக்கு ஒரு ஆசிரியரும் ஒரு உதவியாளரும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அது பெரிய பிள்ளைகளுக்கு. தனி ஆளாகக் கைக்குழந்தையும் வைத்துக்கொண்டு நாலுக்கு மேல் போகாதீர்கள். புகை வந்தால் ஒரே நடையில் எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டும் கைப்பிடித்தும் வாசலுக்கு வர முடியுமோ, அதுதான் உங்கள் கணக்கு.

பதில்: மன்னை மைந்தன்

அக்கா எழுதியதை வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடி, இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறேன். என் மகள் போவது இப்படி ஒரு வீட்டுக் காப்பகத்துக்குத்தான். இங்கே சொந்தக்காரர் அல்லாத பல வீட்டுப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவே மாநில அரசின் உரிமம் வேண்டும். வீட்டை வந்து பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். அந்த வீட்டில் வசிக்கிற பெரியவர்கள் எல்லோரும் கைரேகை கொடுக்க வேண்டும். சிறிய காப்பகத்தில் பொதுவாக 6 பிள்ளைகள், கூடுதல் நிபந்தனைகளோடு 8 வரை. எல்லாம் இரண்டு வயதுக்குட்பட்டது என்றால் 4 பேர்தான். வீட்டில் நீச்சல்குளம் இருந்தால் 5 அடி உயர வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் கேட்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை வெளியேற்றிப் பழக்கி, அதைக் குறித்தும் வைக்க வேண்டும். நம் ஊரில் இதையெல்லாம் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனாலும் அந்தப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், செலவே கிடையாது. வீட்டு ஆண்கள், வேலைக்கு வைக்கும் பெண் எல்லோருக்கும் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் பெற்றோர் கேட்பதற்கு முன்னாலேயே அதை எடுத்துக் காட்டுங்கள்.

பதில்: வெண்ணாறு எலக்ட்ரிக்கல்ஸ்

பழைய வீடு என்பதால் ஒன்று சொல்கிறேன். கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பர் போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். மழைக்காலத்தில் முற்றத்துச் சுவர் ஓதம் ஏறி கரண்ட் கசியும். எர்த்தும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்: குடமுருட்டிக்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கிணற்று மூடிக்கு இன்றே அளவு கொடுத்தாயிற்று. கொட்டகையைப் பிரித்துவிடுகிறோம். அக்கா, இன்னும் ஒன்று. எட்டு மாதக் குழந்தை ஒன்றும் வருகிறதாம், அதோடு சேர்த்து ஐந்து ஆகிறது. அப்புறம், சாயங்காலம் அம்மாவுக்கு வர முடியாமல் வேறு யாராவது வந்து கூப்பிட்டால் அனுப்பலாமா?

பதில்: கமலாலயம் வடகரை

எட்டு மாதத்தை இரண்டு பேராக எண்ணிக்கொள்ளுங்கள். அப்போது ஆறு ஆகிறது, கூட ஒரு பெண் முழுநேரமும் வேண்டும். ஆள் கிடைக்காமல் அந்தக் குழந்தையைச் சேர்க்காதீர்கள்.

யார் யாரிடம் ஒப்படைக்கலாம் என்று சேர்க்கும்போதே அம்மா கையால் எழுதி வாங்குங்கள், போட்டோவோடு. அதில் பேர் இல்லாதவர் சொந்தத் தாய்மாமனே ஆனாலும் அம்மா போனில் சொன்ன பிறகுதான். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. பிள்ளையின் உடம்பில் காயமோ, நடத்தையில் பயமோ தெரிந்து பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் போலீசுக்கும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி அதைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது தெரிந்தவர் கடமை, ஊர்ப் பேச்சுக்குப் பயந்து மூடி வைக்க முடியாது. ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101 இரண்டையும் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி, பக்கத்திலேயே உங்கள் வீட்டு முகவரியையும் எழுதுங்கள். பதற்றத்தில் உதவிக்கு வந்த பெண்ணுக்குத் தெருப் பெயர் சொல்ல வராது.